முன்பணம் பரிசுத்தொகை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

இசை நிறுவனத்தில் ஒப்பந்தமான இளம் கலைஞர்களைப் பாராட்டுகிறவர்கள், முன்பணத்தை ஏதோ பரிசு விழுந்ததுபோலப் பேசுவது எனக்குக் கவலை தருகிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது கலைஞரின் ராயல்டியிலிருந்து, அதாவது பாடல் வருமானத்தில் அவருக்குச் சேரும் பங்கிலிருந்து, பிடித்துக்கொள்ளப்படும் தொகை. ஒலிப்பதிவுச் செலவும், பல நேரம் வீடியோ செலவில் ஒரு பகுதியும் அதே கணக்கில்தான் ஏறும். ராயல்டி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பாடல்களின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் கலைஞர் பெயரில் வரவு வைக்கப்படும். அப்படியானால், பற்று வைத்த தொகையைப் போல ஐந்து மடங்கு வருமானம் வந்தால்தான் கணக்கு நேராகும்; அதன் பிறகே ராயல்டி கைக்கு வரும். அடுத்த ஆல்பம் வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமையும் பெரும்பாலும் நிறுவனத்துக்கே. கையெழுத்தோடு உழைப்பைத் தளர்த்தியவரை அவர்கள் மறுமுறை அழைப்பதில்லை.

பாடுவது மட்டும் உழைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பாட்டு உருவான அன்றே பாடல் வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பாட்டு ஓடிய பிறகு இதைப் பேசினால் சண்டையில்தான் முடியும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த, 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற சர்வதேசக் குறியீடு உண்டு. அது ஒலிப்பதிவை மட்டுமே அடையாளம் காட்டும். பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிய தொகை வர, படைப்பாளர் உரிமைச் சங்கத்தில் தனியாகப் பதிய வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டல் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருந்தால், சேர வேண்டிய பணம் உரிமையாளர் தெரியாத தொகையாகத் தேங்கிவிடும். மிகச் சிறிய கவனக்குறைவுதான், ஆனால் இழப்பு ஆண்டுக்கணக்கில் தொடரும்.

மாஸ்டர் எனப்படும் இறுதி ஒலிக்கோப்பு, பாடகர் குரல் இல்லாத வடிவம், அட்டைப்படம், பாடல் வரிகள் எல்லாவற்றையும் வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே ஒப்படைப்பது நல்லது. ஸ்பாட்டிஃபை செயலியில் பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் ஆசிரியர்களுக்கு வெளிவராத பாடலைத்தான் அனுப்ப முடியும்; வெளியான பிறகு அந்த வாய்ப்பு கிடையாது. மேடை ஒத்திகையையும் விடக் கூடாது. துண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டிய பாட்டை ஒரே மூச்சில் பாடிக் காட்ட வேண்டிய இடம் அது.

ராயல்டி அறிக்கை வந்ததும் பாட்டு வாரியாகச் சரிபாருங்கள். கணக்கைத் தணிக்கை செய்யக் கோரும் உரிமைக்கு ஒப்பந்தத்தில் வழக்கமாகக் காலக்கெடு இருக்கும். அது கடந்துவிட்டால் பிழையைக் கண்டுபிடித்தாலும் கேட்பது கடினம்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறையைச் சேர்ந்த வாசகர்