யாழ்ப்பாணத்து நொத்தாரிசுமாருக்கு: எந்தப் பாஸ்போட் என்று முதலில் கேளுங்கள்

வணக்கம் ஐயாமாரே, அம்மாமாரே.

நல்லூரில் கொடியேறப் போகிறது. கனடா, லண்டன், பிரான்ஸ் என்று எல்லா இடத்திலிருந்தும் சனம் வந்து இறங்கும், தேரும் தீர்த்தமும் பார்க்கும், நிற்கிற 3 கிழமைக்குள் காணியும் பார்க்கும், அப்புறம் புறோக்கர் சொன்ன நாளில், காணி உறுதி எழுதுகிற உங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும். அதற்கு முதல் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

1991 இல் கனடா போன என் அக்கா, 2017 ஆவணியில் கோண்டாவில் பக்கம் 3 பரப்புக் காணி வாங்கினார். உறுதியில் சாட்சிக் கையெழுத்து வைத்த இரண்டு பேரில் நானும் ஒருவன். நொத்தாரிசு அடையாள அட்டை கேட்டார். அக்கா கைப்பையைத் திறந்து, ஓரம் பிரிந்துபோன பழைய அட்டையை எடுத்துக் கொடுத்தார், இரட்டைப் பின்னல் போட்ட இருபது வயதுப் படம். அதைப் பார்த்து இலக்கத்தை எழுதினார்கள், பெருவிரல் அடையாளம் எடுத்தார்கள், காசு கைமாறியது, அவ்வளவுதான். அதே பைக்குள் கனேடியப் பாஸ்போட்டும் இருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறு வருடம் கழித்து அந்தக் காணியை விற்கப் போனபோது, வாங்க வந்தவரின் வழக்கறிஞர் உறுதியைப் புரட்டிவிட்டு முதல் கேட்டதே, "2017 இல் இவருக்கு இரட்டைக் குடியுரிமை இருந்ததா?" என்றுதான். இருக்கவில்லை. அக்கா அதை எடுத்தது 2019 இல். பிந்தி எடுத்த குடியுரிமை முந்தி எழுதிய உறுதிக்கு உயிர் கொடுக்காது என்று சொல்லிவிட்டார். இதற்கிடையில் காணியை எழுதித் தந்த பெரியவரும் காலமாகிவிட்டார். காணி இன்னும் எங்கள் அப்பாவுடையதுதான் என்று இப்போது அவருடைய பிள்ளைகள் சொல்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியாத சட்டம் இல்லை, ஆனாலும் இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை போய்விடுகிறது, பழைய அடையாள அட்டை பையில் இருப்பதால் அது திரும்பி வராது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுத முடியாது, எழுதினால் அந்த உறுதி செல்லாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. தொடர்மாடி வீட்டுக்கு விலக்கு உண்டு, அதற்கும் முழுக் காசும் உறுதி எழுத முன்னமே வெளிநாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். நெருங்கிய உறவினரிடமிருந்து முதுசமாகவோ மரண சாசனத்தாலோ நன்கொடையாகவோ வருகிற காணிக்கும் விலக்கு உண்டு, இதை அறியாமல் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு எழுதப் பயந்துகொண்டிருக்கிற தாய் தகப்பன் எத்தனை பேர்!

திகதிகளைப் பாருங்கள். சட்டம் நிறைவேறியது 2014 ஒக்டோபரில், ஆனால் 2013 ஜனவரி 1 இலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு. இரட்டைக் குடியுரிமை கொடுப்பதை 2011 இல் நிறுத்தி 2015 இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். இந்த இடைவெளியில் ஊருக்கு வந்து ஆசையாகக் காணி வாங்கியவர் அப்போது என்னதான் செய்திருக்க முடியும்? அவர்களில் பலருக்கு இன்றைக்கும் விஷயம் தெரியாது. உறுதியை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

அடுத்தது பதிவு. எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதியை நீங்கள் அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். வாங்கியவரோ அதற்குள் விமானம் ஏறிவிடுவார். அதே காணியை வேறொருவர் காசு கொடுத்து வாங்கி முந்திப் பதிந்துவிட்டால், முதல் வாங்கியவரின் பதியாத உறுதி அதற்கு முன்னால் நிற்காது. உள்ளூர்க்காரன் என்றால் ஒரு நடை போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வருவான், ரொறன்ரோவில் இருக்கிறவர் யாரைக் கேட்பார்?

அதனால் கேட்கிறேன். பேனையை எடுக்க முன் எந்தப் பாஸ்போட் என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போட் என்றால், இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழைக் கண்ணால் பார்த்து அதன் திகதியையும் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லை, மேலே சொன்ன விலக்கும் இல்லை என்றால், எழுதாமல் திருப்பி அனுப்புங்கள், அன்றைக்கு ஆத்திரப்பட்டாலும் பரவாயில்லை. பதிவு முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், அது உங்களுக்கு ஐந்து நிமிட வேலை.

அக்காவின் மகள் இந்த ஆவணிக்கு வருகிறாள். இணுவிலில் ஒரு துண்டுக் காணி பார்த்து வைக்கும்படி எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவளிடம் பழைய அடையாள அட்டைகூட இல்லை, கனேடியப் பாஸ்போட் மட்டும்தான். நான் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஆனால் அவள் வந்து உட்காரப்போவது உங்களில் ஒருவரின் மேசைக்கு முன்னால்.