கும்பகோணம் வட்டாரக் கோயில்களில் பாலாலயத் தேதியை முன்கூட்டியே அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கோயம்புத்தூரிலிருந்து வயதான தாயாரோடு குடந்தை வட்டாரக் கோயில்களுக்கு வந்துபோகும் ஒரு பக்தை

பெறுநர்:
உயர்திரு இணை ஆணையர் அவர்கள், இந்து சமய அறநிலையத்துறை

பொருள்: திருப்பணிக்காகப் பாலாலயம் (மூலவரின் சக்தியைத் தற்காலிகமாகப் பலகைக்கு மாற்றுவது) செய்யும் கோயில்களில் எந்தச் சன்னதியில் எப்போது முதல் தரிசனம் இல்லை என்பதை வெளியூர் பக்தர்களுக்கும் தெரியும்படி அறிவிக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: கோயில் அலுவலகத்துக்கும் அதற்கு மேலேயும் நான் முன்பு அனுப்பிய மனுக்கள். எதற்கும் பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தப் பகுதியைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விடிந்ததும் திங்களூரில் ஆரம்பித்து ஆலங்குடி, சூரியனார்கோயில், கஞ்சனூர் என்று ஓடி, மதியம் நடை சாத்துவதற்குள் முடிந்ததை முடித்து, நாலு மணிக்கு மேல் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியில் திருநள்ளாறு என்று நவக்கிரகக் கோயில்களுக்குப் போகிற வேன்களைத் தினமும் பார்க்கிறீர்கள். இதில் திருநாகேஸ்வரத்துக்கு ராகு கால அபிஷேகம் பார்க்கவேண்டும் என்று வருகிறவர்கள் அதை வைத்துத்தான் மற்றதற்கெல்லாம் நேரம் போடுகிறார்கள். ஞாயிறு என்றால் அது நாலரைக்கு மேல்தான். ஒரு கோயிலில் தரிசனம் இல்லை என்று வாசலில் போய்த் தெரிந்துகொண்டால் அன்றைய கணக்கு முழுவதும் போச்சு.

திருப்பணி நடக்கட்டும் ஐயா, நடக்கத்தான் வேண்டும். கோபுரத்தில் அரசமரம் முளைத்துக் கிடப்பதைப் பார்த்து வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் கோரிக்கைகள் இவ்வளவுதான்:

1. கும்பாபிஷேகத் தேதியை ஃபிளெக்ஸ், போஸ்டர், பேப்பர் என்று ஊரெல்லாம் சொல்கிறீர்கள். பாலாலயத் தேதியை யாரும் சொல்வதில்லை. எங்களைப் பாதிப்பது அந்தத் தேதிதான். அன்றைக்குத்தான் மூலவரின் சக்தியைக் கலசத்துக்கு மாற்றி, அத்திப் பலகையில் எழுந்தருளச் செய்து, கருவறையில் திரை போடுகிறார்கள். அதற்கு முகூர்த்தம் குறித்து, உபயதாரர்களுக்குப் பத்திரிகையும் கொடுக்கிறார்கள். வல்லுநர் குழு அனுமதி, மதிப்பீடு, டெண்டர் என்று எல்லாம் ஃபைலில் ஏறிய பிறகுதானே வேலையே ஆரம்பிக்கிறது? அப்படியென்றால் தேதி அலுவலகத்தில் இருக்கிறது. அதை வெளியே சொல்ல என்ன தடை?

2. கருவறைக்கு மேலுள்ள விமானத்துக்கு மட்டும் பாலாலயமா, மூலவருக்குமா, அம்பாள் சன்னதி திறந்திருக்கிறதா என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். விமான பாலாலயம் என்றால் மூலவரை வழக்கம்போலத் தரிசிக்கலாம். மூலவருக்கே ஆகிவிட்டது என்றால் நாங்கள் வேறு மாதம் பார்த்து வருவோம். "திருப்பணி நடைபெறுகிறது" என்று ஒற்றை வரியில் எழுதினால் எதுவும் புரிவதில்லை.

3. என் தாயாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கோயில் என்பது முந்தைய மனுக்களில் இருக்கிறது, இங்கே மறுபடி எழுதவில்லை. அம்மாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. அம்பாளுக்கு ஒன்பது கஜம் பட்டு சாத்துவதாக வேண்டுதல். பென்ஷனில் மிச்சம் பிடித்துச் சிறுமுகையில் சொல்லி நெய்து வாங்கினார், அரக்குக் கலரில் பச்சை பார்டர். கிளம்பும் முன் இணையதளத்தில் பார்த்தேன், நடை திறக்கும் நேரம் வழக்கம்போல இருந்தது. கோவையிலிருந்து ஜன் சதாப்தியில் வந்து இறங்கி, நடை திறக்கும்வரை லாட்ஜில் காத்திருந்து, ஆட்டோ பிடித்துப் போனால் ராஜகோபுரம் முழுக்கச் சாரம், பச்சை வலை. செருப்பு விடும் இடத்துத் தகரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மழையில் மை கரைந்து, தேதி இருந்த இடம் நீலத் திட்டாகிவிட்டது. உள்ளே மணல் மூட்டைகளைத் தாண்டி அம்மாவை இரண்டு பேர் பிடித்துக் கூட்டிப்போனோம். குருக்கள் நல்ல மனிதர், அவர்மேல் குறை இல்லை. "பாலாலயம் ஆயிடுத்தும்மா, பலகைக்குப் புடவை சாத்த முடியாது, கும்பாபிஷேகம் ஆனப்புறம் வாங்கோ" என்றார். எப்போது கும்பாபிஷேகம் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. அம்மா அங்கே ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது ரயிலில், "அதுவரைக்கும் நான் இருக்கணுமே" என்று மட்டும் சொன்னார். அந்தப் புடவை கவர் பிரிக்காமல் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. இதற்கு யார் பதில் சொல்வது ஐயா? ஒரு வரி, இணையதளத்தில் ஒரே ஒரு வரி போட்டிருந்தால் அந்தப் பயணமே கிளம்பியிருக்க மாட்டோம்.

4. கோயில் அலுவலகத்துக்குப் போன் செய்தால் எடுக்க வேண்டும்.

5. கோயிலின் இணையப் பக்கத்தில் போடுவதோடு, கும்பகோணம் ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் ஒரு பலகை வையுங்கள். எந்தெந்தக் கோயிலில் மூலவர் தரிசனம் இல்லை, எப்போது முதல் இல்லை, வேலை முடிய உத்தேசமாக எத்தனை மாதம் ஆகும், அவ்வளவு எழுதினால் போதும், தேதி தள்ளிப்போனால் திருத்தி எழுதுங்கள், தள்ளிப்போனதற்காக யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை, தெரியாமல் வந்து நிற்பதற்குத்தான் அழுகிறோம். அப்புறம், சிற்பம் பார்க்க வரும் மாணவர்களும் இருக்கிறார்கள். கோபுரத்தைக் கீற்றால் மூடியபிறகு அவர்கள் எதைப் பார்ப்பார்கள், எதை வரைவார்கள்?

6. 2028-ல் மகாமகம் வருகிறது. அதற்குள் முடிக்கவேண்டும் என்று இன்னும் பல கோயில்களில் சாரம் ஏறும். 2016 கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். குறைந்தது இப்போதிருந்தாவது பட்டியல் போட்டு வெளியிடுங்கள். இதற்குத் தனியாக நிதி வேண்டுமா, ஆள் வேண்டுமா, சட்டம் வேண்டுமா? அலுவலகத்தில் இருக்கிற தேதியை எடுத்து எழுத எத்தனை மனு போடவேண்டும்?

வேகத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்களை விட்டால் வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பாலாலயம் செய்வதற்கு ஒரு மாதமாவது முன்னால் தேதியை அறிவிக்க உத்தரவிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் கேட்ட அந்தக் கோயிலில் கும்பாபிஷேகம் எப்போது என்பதையும் தயவுசெய்து எழுத்தில் தெரிவிக்கவும். தேதி தெரிந்தால் அம்மாவுக்கு டிக்கெட் போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோயம்புத்தூர் பக்தை