தைப்பூசப் பந்திக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அருட்பெருஞ்ஜோதி வந்தனம்.

வடலூரில் தைப்பூசத்துக்கு நாங்கள் போட்ட அன்னதானப் பந்திக்கு உதவிய அனைவருக்கும் நன்றி. பெயர் வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டதால், செய்ததை மட்டும் எழுதுகிறோம்.

முதலில் அரிசிக்கடைக்காரர்கள். நூறு பேருக்கு 12 கிலோ என்பது எங்கள் கணக்கு. பல வீட்டு அரிசி கலந்தால் அதே உலையில் புதுசு குழைந்துவிடும், பழசு நறுக்கென்று நிற்கும். இம்முறை எல்லாரும் பேசிவைத்து ஒரே ரகம், ஒரு வருடப் பழசாக அனுப்பினீர்கள். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

விறகு தந்தவர்களுக்கும் அப்படியே. தை மாதப் பனியில் நனைந்த சவுக்கு எரியாது, புகையும். புகை வாடை சோற்றில் ஏறினால் பிறகு போகாது. முதல் நாளே கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடினீர்களே, அது பெரிய உதவி.

விடிய விடியப் பூசணியும் கத்தரியும் நறுக்கிய தாய்மார்களுக்கும், காய் வெந்த பிறகே புளியைக் கரைத்து ஊற்றிய சமையல்காரர்களுக்கும் வணக்கம். புளி முந்தினால் எவ்வளவு எரித்தாலும் காய் வேகாது. நூறு பேருக்கு 3 கிலோ துவரம்பருப்பு சரியாக இருந்தது.

ஞானசபையில் ஜோதி தரிசனத்துக்காகத் திரை விலகுவது காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் விடியல் 5.30 மணிக்கு. ஒவ்வொரு தரிசனமும் முடிந்ததும் கூட்டம் பந்திக்குத் திரும்பும். அதற்கு ஒன்றரை மணி முன்பே உலை வைக்கச் சொல்லி நினைவூட்டிய இளைஞர்களால்தான் எவரும் வெறும் இலை முன் உட்காரவில்லை.

கொலை, புலை (புலால் உண்ணுதல்) தவிர்த்தவர்களே ஞானசபைக்குள் போகலாம் என்று விதித்த வள்ளலார், பசித்தவனிடம் சாதி, சமயம், நடத்தை எதையும் விசாரிக்கக் கூடாது என்றார். வரிசையில் யாரையும் அப்படி விசாரிக்காமல் இலை போட்ட தொண்டர்களுக்குத் தனி நன்றி. பசித்தவர்களுக்குச் சோறிட அவர் 1867 மே 23 அன்று மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. அதற்கு 80 காணி நிலம் கொடுத்த பார்வதிபுரம் ஊராரையும் இந்த வரிசையில் சேர்க்காமல் இருக்க முடியாது.

ஒரு வேண்டுகோள். சுடச்சுடப் பையில் கட்டிவந்த சாம்பார் சாதம் வியர்த்து ஊசிப்போய், குழி வெட்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. நல்ல மனசோடு தந்ததுதான். அடுத்த முறை அரிசியாகவே தாருங்கள்.

இரண்டு அண்டா மூடியும் ஒரு பித்தளைச் சட்டுவமும் எங்களிடம் இருக்கின்றன. உரியவர்கள் வாங்கிக்கொள்ளவும்.