இரவில் புளோயரை நிறுத்தாதீர்கள்

ஓசூர் சுற்றுவட்டார அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு, வணக்கம்.

மின்கட்டணத்தைக் குறைக்க, இரவு பத்து முதல் காலை ஆறு வரை எஸ்.டி.பி.யில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில்) தொட்டிக்குக் காற்றூதும் புளோயரை நிறுத்தச் சொல்லும் உத்தரவு வளாகம் வளாகமாகப் பரவுகிறது. தயவுசெய்து அதைத் திரும்பப் பெறுங்கள்.

கழிவுநீரின் அம்மோனியாவை, அந்தக் காற்றைக் கொண்டு நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் நிதானமாகப் பெருகுபவை. தொட்டியில் உள்ள மற்றவை சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்ஸிஜன் கேட்கும். எட்டு மணி நேரம் காற்றில்லாவிட்டால் பாக்டீரியாக்கள் வாழும் ஸ்லட்ஜ் என்ற சேறு அடியில் படிந்து கறுக்கும், காற்றைக் குமிழியாக விடும் டிஃப்யூசர் அடைக்கும். அந்த நிலையில்தான் காலைக் கழிவு மொத்தமாக வந்து இறங்குகிறது. அம்மோனியா மிகுந்து வரும் நேரமும் அதுவே.

அடுத்து நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. நீர் நாறுகிறது என்று புகார் வந்ததும், "ஹைப்போவைக் கூட்டு" என்கிறார்கள். ஹைப்போ என்பது குளோரின் தரும் கரைசல். கணக்குப் பாருங்கள். லிட்டருக்கு 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருந்தால், அதை முறிக்கக் குறைந்தது 7.6 மடங்கு குளோரின், அதாவது 228 மில்லிகிராம் வேண்டும். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் ஓடும் நிலையத்துக்கு 10 சதவீத ஹைப்போ சுமார் 230 கிலோ! யாரும் வாங்கித் தருவதில்லை. இரண்டு கேன் ஊற்றினால் அம்மோனியா போகாது, குளோரினும் அதுவும் சேர்ந்த குளோரமைன்தான் உண்டாகும். காற்றோட்டமில்லாத பேஸ்மென்டில் கண் எரிய நிற்பவர் ஆபரேட்டர். நாற்றத்துக்கு விளக்கக் கடிதம் கேட்பதும் அவரிடமே.

மின்சாரம் மிச்சமாக வழி இருக்கிறது. புளோயருக்கு, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. போட்டு, காற்றூதும் ஏரேஷன் தொட்டியில் கரைந்த ஆக்ஸிஜனை லிட்டருக்கு 2 மில்லிகிராமில் வையுங்கள். இரவில் கழிவு குறையும்போது வேகமும் தானே குறையும். அனாக்ஸிக் (காற்றூதாத) தொட்டி இருந்தால் அதன் மிக்சரும், நைட்ரேட் நீரைத் திருப்பி அனுப்பும் பம்பும் ஓடட்டும். வரும் கழிவின் கரிமத்தை உண்டு, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியாக்கள் வேலை செய்யும் இடம் அது. அம்மோனியா நைட்ரேட்டாகும்போது நீர் இழந்த காரத்தன்மையில் பாதியும் அங்கே மீளும். அந்தப் பம்பை நிறுத்தினால் அதே வாயு, ஸ்லட்ஜ் படிந்து நீர் தெளியும் கிளாரிஃபயரில் கிளம்பி, ஸ்லட்ஜைக் கட்டி கட்டியாக மேலே தூக்கும்.

லிஃப்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் போடுகிறவர்கள் ஓர் அம்மோனியா சோதனை கிட் வாங்க ஏன் தயங்குகிறீர்கள்? வெளியே விடும் நைட்ரேட், பாறைப் பிளவுகள் வழியே நம் போர்வெல்லுக்குத்தான் வரும். குடிநீரில் அதற்கு எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம்.

மறுபடியும் பணிவாகக் கேட்கிறோம்: இன்றிரவு முதல் புளோயர் ஓடட்டும். பாக்டீரியாக்கள் மீண்டு வர இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். அதுவரை நாற்றத்துக்காக ஆபரேட்டரிடம் கடிதம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
எஸ்.டி.பி. பராமரிப்புப் பணியாளர்கள்