மூன்றாம் பருவமும் போன வாரக் காற்றும்: தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

மூன்றாம் பருவம் முடியப்போகிறது. விளையாட்டு விழா நன்றாக நடந்தது. ஆண்டு விழாவில் பிள்ளைகள் அசத்தினார்கள். பத்தாம் வகுப்பினர் பொதுத்தேர்வை நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, போன வாரம் நடந்ததைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

திங்கட்கிழமை மதியம் நம் மைதானத்தில் புழுதி தூண்போலச் சுழன்று எழுந்தது. நாலைந்து காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. அதை யாரோ படம் பிடித்து, 'காட்பாடியில் டொர்னாடோ' (இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் கடுங்காற்று) என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் மேகம் கருத்து இடி இடித்ததும் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பலர் ஓடிவந்தீர்கள்.

உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் பார்த்தது டொர்னாடோ இல்லை. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அன்றே கேட்டாள்: "சார், வானத்துல மேகமே இல்லையே, அப்புறம் எப்படிச் சுத்துது?" விஷயமே அதுதான். வேலூர் வெயிலில் தரை கொதிக்கும்போது அதை ஒட்டிய காற்று சூடாகி மேலே ஏறும். சுற்றியுள்ள காற்று அந்த இடத்தை நோக்கி ஓடிவரும்போது சுழற்சி பிடித்துக்கொள்ளும். நம் பாட்டிமார் பேய்க்காற்று என்று சொல்வது இதைத்தான்.

டொர்னாடோவுக்குப் பெரிய இடிமேகம் வேண்டும். கீழே ஈரமான சூடான காற்று, மேலே உலர்ந்த குளிர்காற்று. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறினால், நடுவிலுள்ள காற்று படுக்கைவாட்டில் உருளும். மேகத்துக்குள் வேகமாக ஏறும் காற்று அந்த உருளையை நிமிர்த்திவிட, மேகமே சுழலும். அப்படிச் சுழலும் மேகங்களிலும் சிலவற்றில்தான் புனல் வடிவச் சுழல்காற்று கீழே இறங்கித் தரையைத் தொடுகிறது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னாடோக்கள் வருகின்றன. வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று வந்தது ஏறக்குறைய 1,300 உயிர்களைக் கொண்டுபோனது. நமக்குப் பழக்கமான புயல் வேறு. அது கடலில் உருவாகி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி, நாட்கணக்கில் நகர்வது.

கோடையில் நமக்கு உண்மையான ஆபத்து மின்னல். செவ்வாய்க்கிழமை நீங்கள் கூட்டமாக நின்றது எங்கே? புளியமரத்தடியில். மின்னல் வெட்டும்போது அதைவிட மோசமான இடம் கிடையாது. சிலர் வண்டியில் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த மழையிலேயே கிளம்பினீர்கள். வாசலில் இருந்த காவலர் அம்மாவைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தவர்களும் உண்டு. இதை நான் ஏற்க மாட்டேன். இடி கேட்கும்போது இனி எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்ப மாட்டோம், யார் வந்து கேட்டாலும் சரி. மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே அனுப்புவோம். அதுவரை நீங்களும் உள்ளே வந்து கூடத்தில் உட்காருங்கள். கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கும்.

அன்று பொறுமையாகக் காத்திருந்த பெற்றோர்களுக்கும், அழுத ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை மடியில் வைத்துக் கதை சொன்ன அம்மாவுக்கும், மழை விடும்வரை நின்று பிள்ளைகளை வீடு சேர்த்த ஆட்டோ அண்ணன்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

ஆண்டுத் தேர்வு அட்டவணையைப் புதன்கிழமை பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறோம். கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்