மெக்ரிட்சி என்றால் தொங்குபாலம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதான பெற்றோரை வார இறுதியில் எங்கே அழைத்துப் போவது, கடைத்தொகுதியை விட்டால் வேறு இடமே இல்லையே என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் குறைப்பட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதிய இன்னொருவர், “மெக்ரிட்சிக்குப் போங்கள், தொங்குபாலத்தில் நடந்துவிட்டு வாருங்கள்” என்று சொல்லியிருந்தார். சிங்கப்பூரின் நடுவே காடு சூழ்ந்த நீர்த்தேக்கப் பூங்கா அது. இடம் சரி. வழிதான் தப்பு.

நான் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். முழங்கால்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். 2004ல் திறந்த அந்தப் பாலம் 250 மீட்டர் நீளம், காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர் உயரம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பூங்கா வாசலிலா இருக்கிறது? காட்டுக்குள் வெகுதூரம் ஏறி இறங்கிப் போக வேண்டும். போய்த் திரும்ப ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஆகிவிடும். பாலம் ஒருவழிப் பாதை, ஏறிய பிறகு மனசு மாறினாலும் திரும்ப முடியாது. அதைத் தாண்டினால் படிக்கட்டுகள் வேறு. 70 வயதைக் கடந்த அம்மாவை முதல் நாளே அங்கே கூட்டிப் போனால், அடுத்த வாரம் “நீங்க போய்ட்டு வாங்க, நான் டிவி பாக்குறேன்” என்றுதான் சொல்வார்.

அவர்களுக்கென்றே அமைந்த மாதிரி நீரோரப் பாதை ஒன்று அங்கேயே இருக்கிறது. பெரும்பாலும் மரப்பலகை நடைபாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காடு. வெயில் தலையில் விழாது. பெரிய ஏற்றம் கிடையாது. அலுத்துவிட்டால் வந்த வழியே திரும்பிவிடலாம், அதுதான் முக்கியம். செம்பெராய் தடம் என்று பலகை போட்டிருப்பார்கள். அதில் நிதானமாக நடந்தால் போதும். அவசரப்பட்டால் தண்ணீர் விளிம்பில் தொங்கும் குடுவைச் செடி கண்ணில் படாது. விரல் நீளத்தில் சின்னச் சின்னக் குடுவைகள், எறும்பு உள்ளே விழக் காத்துக்கொண்டிருக்கும். உடும்பு ஒன்று தலையை மட்டும் வெளியே நீட்டி நீந்திப் போவதைப் பார்த்துவிட்டு “முதலை!” என்று கத்தும் பிள்ளைகளை அங்கே அடிக்கடி கேட்கலாம்.

என் மாமியார் மலேசியாவில் சிகாமட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, ஓடிய காலத்தை இன்னும் மறக்கவில்லை. அவரை அங்கே அழைத்துப் போனபோது நாங்களெல்லாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் காட்டுப் பக்கம் திரும்பி நின்றார். “பால் மரம்லா இது!” என்றார். நான் நம்பவில்லை. மூன்று மூன்றாக இருந்த இலைகளைக் காட்டினார். கீழே குனிந்து, புள்ளி போட்ட பழுப்புக் கொட்டை ஒன்றைத் தேடி எடுத்தார். அதைப் பாதையோரக் கல்லில் நாலு தேய் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் என் பேரன் கையில் வைத்தார். அவன் அலறிய அலறலில் முன்னால் போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அரைமணி நேரம் பால் பிடிக்கும் மங்கு, மரம் சீவும் கத்தி, வேலை வாங்கும் கங்காணி என்று கதை ஓடியது. பேரன் அதுவரை ஒரு முறைகூட அவரிடம் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்டான். இந்தக் காட்டின் சில பகுதிகள் ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்தவைதான். அப்போது நட்ட ரப்பர் மரங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இன்னும் நிற்கின்றன.

பூங்காவின் வரலாறும் நடந்துகொண்டே சொல்வதற்கு ஏற்றது. ஊருக்கு நல்ல தண்ணீர் வர வேண்டும் என்று டான் கிம் செங் என்ற வணிகர் 1857ல் 13,000 வெள்ளி கொடுத்தார். இந்த நீர்த்தேக்கத்தின் அணை முடிந்தது 1868ல். குழாய்களும் இயந்திரங்களும் சரியாகி ஊருக்குத் தண்ணீர் போய்ச் சேர மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. கொடுத்தவர் 1864லேயே காலமாகிவிட்டார். அவர் நினைவாக நீரூற்று ஒன்றை 1882ல் கட்டினார்கள், இன்றும் எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கிறது. நீர்த்தேக்கத்துக்குப் பெயர் என்னவோ, பிறகு அதைப் பெரிதாக்கிய நகராட்சிப் பொறியாளர் மெக்ரிட்சியுடையது. பணம் கொடுத்தவருக்கு நீரூற்று, பொறியாளருக்கு நீர்த்தேக்கம்!

1942 பிப்ரவரியில் பிரிட்டிஷார் ஜப்பானியர்களிடம் சரணடைந்ததற்கு நகரில் தண்ணீர் தட்டுப்பட்டதும் ஒரு முக்கியக் காரணம். அதன்பின் ஜப்பானியர்கள் போர்க்கைதிகளை வைத்து இந்தக் காட்டுக்குள் ஷோனான் ஜின்ஜா என்ற கோயிலைக் கட்டினார்கள். தோற்றபோது அவர்களே இடித்துவிட்டார்கள். அங்கே யாரும் தேடிப் போக வேண்டாம், பாதை கிடையாது. ஆனால் லிம் போ செங்கின் சமாதி நீர்த்தேக்கத்தின் கரையிலேயே இருக்கிறது. ஜப்பானியருக்கு எதிரான ரகசியப் படையில் இருந்து பிடிபட்டு, 1944 ஜூனில் மலாயாவின் பத்து காஜா ஊர்ச் சிறையில் இறந்தவர். உடன் இருந்தவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. 1946 ஜனவரியில் அவரை இங்கே கொண்டுவந்து ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பாடப்புத்தகத்தில் அவர் பெயரைப் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த இடத்தில் போய் நின்றிருக்கிறார்கள்?

குரங்குகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அனுமார் என்று சொல்லி வாழைப்பழம் கொண்டுவருவதை நானே பார்த்திருக்கிறேன். நீள்வால் குரங்குக்குப் பழம் தேவையில்லை, காட்டில் நிறையவே இருக்கிறது. கையிலிருந்து வாங்கித் தின்று பழகியதால்தான் அது பிளாஸ்டிக் பையைக் கண்டாலே சாப்பாடு என்று பாய்கிறது. பையில் இருந்தது மாத்திரை டப்பாதான் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒரு பாட்டியின் ஒரு வார மருந்து மரத்தின் மேலே போனதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். பக்திக்காகப் போட்டாலும் பாசத்துக்காகப் போட்டாலும் முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

என் வேண்டுகோள் சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களுக்கு. மூத்தோருக்குச் சுற்றுலா என்றாலே பேருந்து வைத்து மலாக்கா, பாத்தாம் என்று புறப்பட்டுவிடுகிறீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆண்டில் ஓரிரு காலை மெக்ரிட்சிக்கும் வையுங்களேன். நுழைவுக் கட்டணம் இல்லை, கழிப்பறை வசதி இருக்கிறது. காலை 7 மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் பசியாறப் போய்விடலாம். கைத்தடி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, அறுவை சிகிச்சை செய்துகொண்ட மூட்டுக்காரர்களுக்கு ஒன்று, நன்றாக நடப்பவர்களுக்கு ஒன்று என மூன்று குழுவாகப் பிரித்து, யார் எங்கே திரும்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், பலகை வழுக்கும். செருப்பும் கூடாது, பின்பக்கம் மூடிய காலணிதான். தோ பாயோவில் எந்தக் குழு ஏற்பாடு செய்தாலும் முதலுதவிப் பையோடு நான் வரத் தயார். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
தோ பாயோ, சிங்கப்பூர்