ஊதுகிற வாய்தான் பாடுகிறது

ஐயா,

பாடகி ட்ரம்பெட்டும் வாசித்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் குரலைப் பற்றியே எழுதுவது நம் பத்திரிகை வழக்கம். ஜாஸுக்கு அது சரிப்படாது. 1995இல் பார்சிலோனாவில் பிறந்த ஆந்திரேயா மோட்டிஸைக் கேளுங்கள். ட்ரம்பெட், ஆல்டோ சாக்ஸபோன், பாட்டு மூன்றும் அவருக்குக் கைவசம். குரலில் அசைவு குறைவு. சொல்லைத் தாளத்துக்கு ஓர் இழை பின்னால் விடுவார். ட்ரம்பெட்டை எடுத்தாலும் அதே இழுப்புதான், மூச்சு வாங்கும் இடமும் அதேதான். அவர் வளர்ந்தது இசை ஆசிரியர் ஜுவான் சமோரோ 2006இல் தொடங்கிய சான்ட் ஆந்த்ரேவ் ஜாஸ் பேண்டில். பார்சிலோனாவின் சான்ட் ஆந்த்ரேவ், நம் பின்னி மில் வட்டாரம் மாதிரி நூல் ஆலை இருந்த பகுதி!

நம் பேண்டு செட்டுகளில் ட்ரம்பெட் ஊதும் பிள்ளைகளுக்கும் இப்படிப் பாடவும் வாசிக்கவும் வரும். இடிப்பது சுருதி; அதன் உயரத்தைக் கட்டையில் சொல்வோம். சாதாரண ட்ரம்பெட்டில் வால்வை (விரலால் அழுத்தும் கட்டையை) அழுத்தாமல் ஊதும் 'சி' என்ற மேல்நாட்டு ஸ்வரம் உண்மையில் ஆறரைக் கட்டை; ஆல்டோ சாக்ஸின் 'சி' இரண்டரைக் கட்டை. ஐந்து கட்டையில் பாடும் பெண் ட்ரம்பெட்டில் முதல் இரண்டு வால்வுகளை அழுத்தி 'ஏ'யை ஸட்ஜமாக, அதாவது 'ஸ'வாக, வைக்க வேண்டும். வாத்தியார்கள் கருவிக்கு வசதியான கட்டையிலேயே பாடவும் வைத்தால் மேல்ஸ்தாயியில் குரல் கிறீச்சிடும். பழி பிள்ளை மேல் விழும்.

முதலில் பாட்டை வெறுமனே பாடி, மூச்சு வாங்கும் இடங்களைக் குறிக்கட்டும். பிறகு உதட்டில் வைத்து ஊதும் மவுத்பீஸ் மட்டும். அப்புறம்தான் கருவி. 32 பார் (தாள அளவு) கொண்ட பாட்டு என்றால் ஒரு சுற்று பாடி, அடுத்த சுற்றில் பாதிவரை வாசித்து, கடைசி 16 பாருக்குப் பாட்டுக்குத் திரும்பலாம். தடுக்குவது அந்தத் திருப்பத்தில்தான். மவுத்பீஸை அழுத்தி ஊதினால் ரத்த ஓட்டம் குறைந்து உதடு மரத்துவிடும்; 'ப', 'ம' குழறும். இரண்டு பார் முன்பே வாசிப்பை முடித்து உதட்டைத் தளர்த்த வேண்டும். கல்யாண ஊர்வலத்தில் மணிக்கணக்கில் ஊதிய அன்று இந்தப் பயிற்சியே வேண்டாம்.

வெயில் நேரத்தில் குழாய்க்குள் ஒலியின் வேகம் கூடி சுருதி ஏறும். சுருதி சரிசெய்யும் நகரும் குழாயான ட்யூனிங் ஸ்லைடைச் சில மில்லிமீட்டர் வெளியே இழுத்துக்கொள்ளலாம். கடலோரக் காசிமேட்டுப் பக்கம் உப்புக்காற்று வேறு; வால்வைக் கவனிக்க வேண்டும். வால்வுக்கு இரண்டு மூன்று சொட்டு வால்வு ஆயில் போதும். தேங்காய் எண்ணெய் விட்டால் பிசுக்கேறி ஒட்டிக்கொள்ளும்.

இசைப் பக்கத்தில் இனி இப்படிப் பாடுபவர்களை அறிமுகம் செய்யும்போது, எந்தக் கருவி, எந்தக் கட்டை என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

பேண்டு வாத்தியம் கற்பிப்போர்,
புளியந்தோப்பு, சென்னை - 12